சத்தம் வந்துடுச்சாங்கம்மா

செத்துப்போன போனில் ஒரு மௌனம் இருக்கும். பஞ்சை அடைத்து வைத்தது போன்ற மௌனம். ரிசீவரைக் காதில் வைத்தால் பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி மட்டும் தெரியும். அதற்கு அப்பால் ஒன்றும் இருக்காது. ராமசுப்பிரமணியனுக்கு அந்த மௌனம் நல்ல பழக்கம். திருச்சியில் அவன் வீட்டு போன் மழைக்கு மழை அப்படித்தான் சாகும். ஆனால் நல்லாடிமங்கலத்தில், அம்மாவின் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, மூன்று நாளில் ஐம்பதாவது முறையாக அவன் காதில் வைத்த ரிசீவரில் இருந்தது வேறு. டயல் டோன் வரவில்லை, அது வாஸ்தவம். ஆனால் அந்தப் பக்கம் வெறுமையாகவும் இல்லை. ஏதோ ஒரு திறந்த வெளி இருந்தது. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. மழை இங்கேயும்தான் பெய்தது. முற்றத்து ஓட்டில் விழுந்து, தகரக் குழாய் வழியாகக் கடகடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ரிசீவருக்குள் பெய்த மழையோ கீற்றின் மேல் விழும் மழை. மெத்தென்று, ஊறி ஊறி இறங்கும் சத்தம்.

வேறு எவன் வீட்டு லைனோ இதில் கலந்திருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரிசீவரை வைத்தான்.

இருபது வருஷமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன் அவன். இரண்டு செம்புக் கம்பி, ஒரு பெட்டி. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? திங்கட்கிழமை வந்து இறங்கியவுடன் பழைய போனைக் கழற்றிவிட்டு, திருச்சியிலிருந்து வாங்கி வந்த பொத்தான் வைத்த புதுப் போனை மாட்டினான். டோன் வரவில்லை. சுவரில் கம்பி வந்து சேரும் சிறிய வெள்ளைப் பெட்டியைத் திறந்து, திருகாணிகளை உப்புத்தாளால் தேய்த்தான். வரவில்லை. முழங்கால் அளவு சேற்றில் மெயின் ரோடு வரை நடந்து, அப்துல் வஹாப் கடையின் மஞ்சள் பெட்டி போனிலிருந்து புகார் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை இரண்டு முறை கொடுத்தான். குறித்துக்கொண்டோம் என்றாள் எக்ஸ்சேஞ்சுப் பெண், ஒவ்வொரு முறையும் அதே தூக்கக் குரலில். இன்று புதன்கிழமை. லீவு இன்றோடு தீர்ந்தது. ஆறு மணிக்குக் கும்பகோணத்துக்குக் கடைசி பஸ்.

ஊஞ்சலை அடுத்திருந்த கட்டிலில் அம்மா வாலாம்பாள் சுவரில் தலையணையை நிறுத்தி அதில் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். எழுபத்தாறு வயதில் உடம்பு பாதியாக வற்றிவிட்டது, கண் மட்டும் பெரிதாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை அவளுக்குத் திணறல் வந்தபோது போன் வேலை செய்யவில்லை. விடிந்து வேலைக்காரி காத்தாயி வரும்வரை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். திருச்சிக்கு வா என்றால் வரமாட்டாள். அதனால்தான் அவனுக்கு இந்த போன் வேண்டும்.

"விட்டுத் தொலைடா சுப்புணி," என்றாள் அம்மா. "எனக்கு யார் போன் பண்ணப் போறா?"

"உனக்கு யாரும் பண்ண வேண்டாம். நீ பண்ணணும். டாக்டருக்குப் பண்ணணும். அதுக்குத்தான் இவ்வளவும்."

அவள் தலையணையில் தலையைத் திருப்பிக்கொண்டாள். போனைப் பார்க்கவில்லை. மூன்று நாளாகவே அவள் அதைப் பார்க்காமல்தான் இருந்தாள் என்பது அப்போது அவனுக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்தில் மறந்தும் போனது, ஏனென்றால் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

லைன்மேன் ரெத்தினம் யூரியா சாக்கை மழைக்குக் கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு, தோளில் ஏணியோடு நின்றான். மணி இரண்டே முக்கால். வந்தவனை மூன்று நாள் கோபத்தோடு ஒரு பிடி பிடித்தான் ராமசுப்பிரமணியன். ரெத்தினம் அதைக் காதில் வாங்காதவனைப் போல, கறுப்பும் சிவப்பும் அடித்திருந்த தெருக்கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறினான். தன் டெஸ்ட் போனைக் கம்பியில் கவ்வவிட்டுக் கேட்டான். டோன் இல்லை. வீட்டுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டான். டோன் வந்தது. மாட்டினான். போயிற்று. கழற்றினான். வந்தது.

"கோளாறு எங்க பக்கம் இல்லிங்க சார்," என்றான் இறங்கி வந்து. "உங்க வீட்டுக்குள்ள இன்னொரு ரிசீவரு எடுத்து வெச்சிருக்கு. அதான் டோன் வரல."

இருப்பதே ஒரு போன்தான் என்றான் ராமசுப்பிரமணியன்.

ரெத்தினம் கூடத்துக்கு வந்து, கல்லூரியிலிருந்து அவன் கொண்டு வந்திருந்த மீட்டரையே வாங்கி, வெள்ளைப் பெட்டியின் இரண்டு திருகாணிகளிலும் வைத்துக் காட்டினான். போன் கீழே வைத்திருக்கும்போது ஐம்பது வோல்ட் காட்ட வேண்டும். முள் ஒன்பதில் நின்றது.

"பாத்தீங்களா. ரிசீவரைக் கையில எடுத்தாத்தான் ஒம்பது, பத்துக்கு இறங்கும். யாரோ எடுத்துக் காதுல வெச்சிக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். பழைய பேரலல் லைன் எதாச்சும் இருக்கும், தேடுங்க."

கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அவன் மறுபடி கம்பத்தில் ஏறி முடிச்சை இறுக்கினான். ராமசுப்பிரமணியன் உள்ளே ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். மழைக்குள்ளிருந்து ரெத்தினத்தின் குரல் வாசல் வழியாக வந்தது. சத்தம் வந்துடுச்சா சார் என்று கேட்டான். வரலை என்று இவன் கத்தினான். மறுபடி கேட்டான். வரலை என்றான். அதற்கு அடுத்த தடவை கேள்வி வாசல் வழியாக வரவில்லை. ரிசீவருக்குள்ளேயே வந்தது. மெதுவாக, மரியாதையாக.

"வந்துடுச்சாங்கம்மா?"

வரலைய்யா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் அவன் அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டான். அம்மா என்றிருந்தது. பெண்குரல்.

வாசலுக்குப் போனான். ரெத்தினம் ஏணியில் இருந்தான். டெஸ்ட் போன் கீழே, சைக்கிள் கைப்பிடியில் தொங்கி நனைந்துகொண்டிருந்தது. போனில் பேசினாயா என்று கேட்டதற்கு அவன் கையை விரித்தான். வேறு லைன் கலந்து கேட்கிறதா என்றால், உங்க கம்பத்தில் உங்க லைன் ஒன்றுதானே சார் என்றான். பிறகு வானத்தைப் பார்த்தான். குடமுருட்டி ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறுகிறதாம், அதற்குள் வலங்கைமான் போய்ச் சேர வேண்டும், நாளைக் காலையில் வந்து முடித்துத் தருகிறேன் என்றான். நாளைக்கு நான் இருக்க மாட்டேன் என்று ராமசுப்பிரமணியன் சொன்னது, போய்க்கொண்டிருந்த யூரியா சாக்கின் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும்.

கரண்டும் போயிருந்தது. மூன்றேகால் மணிக்கே ஐப்பசி வானம் கூடத்தை இருட்டாக்கிவிட்டது. டார்ச்சை எடுத்து வெள்ளைப் பெட்டியை முழுதாகப் பிரித்தான். அதன் முதுகுக்குப் பின்னால், சுண்ணாம்புக்கு அடியில், துணி சுற்றிய இன்னொரு பழைய கம்பி போய்க்கொண்டிருந்தது. சுவரோடு சுவராக வெள்ளை அடித்து அடித்து மறைத்துவிட்டிருந்தார்கள். ரெத்தினத்தைத் திட்டியதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டான். இதுதான். இவ்வளவுதான். கண்டுபிடித்துவிட்டோம் என்ற உற்சாகத்தில், நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே கம்பியின் போக்கைப் பிடித்தான். கூடத்துச் சுவரில் உத்திரத்தை ஒட்டி ஓடியது. சமையலறைக்குத் திரும்பாமல் நேராக இரண்டாம் கட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து கொல்லைப்பக்க அறையின் கதவு நிலைக்கு மேல் ஒரு ஓட்டைக்குள் நுழைந்தது.

"இங்க ஒரு போன் இருந்ததாம்மா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டான்.

"நீ ஹாஸ்டல்ல இருந்தப்போ, மொதல்ல கொஞ்ச நாள் போன் அங்கதான் இருந்தது," என்றாள் அம்மா. "உங்கப்பா ஆட்களைக் கொல்லையில நிக்க வெச்சு ஜன்னல் வழியாப் பேசற ரூம். அப்புறம் கூடத்துக்கு மாத்தினோம். அங்க போகாதேடா. பூச்சி பொட்டு இருக்கும்."

அவன் அதற்குள் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டிருந்தான்.

அப்பா இருந்தவரை அந்த அறையில் நெல்மூட்டை அடுக்கியிருக்கும். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போய், மிச்சம் குத்தகைக்காரர்களிடம் போய், அப்பாவும் போன பிறகு, ஒன்றும் இல்லாமல் கிடந்தது. உமி மக்கிய நெடி, வௌவால் நெடி, அவற்றுக்கு அடியில் வேறு ஒரு வாசம். ஈரத் தலைமுடியின் வாசம். எண்ணெய் வைத்த முடி மழையில் நனைந்தால் வரும் வாசம். டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் ஓட்டினான். கம்பி ஜன்னலருகே இறங்கி, ஒரு சின்ன மரக்கட்டையில் முடிந்தது. அதில் இரண்டு திருகாணி. திருகாணிகளில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. போன் இல்லை, ரிசீவர் இல்லை. கம்பியின் நுனி பச்சை பூத்துக் கிடந்தது.

கொல்லையைப் பார்த்த ஜன்னலில் ஒரு கதவு விழுந்துவிட்டிருந்தது. அதன் வழியாகத் தென்னைகள், அப்பால் வாய்க்கால், அதற்கும் அப்பால் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த வயல்கள். மழைத்திரையில் எல்லாம் ஒரே சாம்பல். ஜன்னலின் இரும்புக் கம்பிகள் எல்லாம் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தன. இரண்டு கம்பிகளில் மட்டும், ஒரு ஆளின் மார்பு உயரத்தில், ஒரு கையகலத்துக்குத் துரு இல்லை. அங்கே இரும்பு வழவழவென்று பளபளத்தது. தினமும் யாராவது பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தைப் போல.

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. கம்பி வெட்டும் குறட்டால் பழைய கம்பியைக் கட்டையோடு சேர்த்து வெட்டினான். வெட்டி, நான்கு முழம் இழுத்துப் பிய்த்து, சுருட்டிக் கீழே எறிந்தான். எதற்கு இவ்வளவு பலம் காட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

கூடத்துக்கு வந்து மீட்டரை வைத்தான்.

ஒன்பது.

வெள்ளைப் பெட்டியிலிருந்தே பழைய கம்பியைக் கழற்றினான். ஒன்பது. புதுப் போனைக் கழற்றிவிட்டு, எண்ணைச் சுழற்றும் பழைய கறுப்புப் போனை மாட்டினான். ஒன்பது. மீட்டரின் மேல் சந்தேகம் வந்து அதன் முனைகளைத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தான். ஒன்பது. கண்ணில் நீர் வரும் அளவுக்கு ஆத்திரம் வந்தது. மாணவன் ஒருவன் இப்படி ஒரு அளவைச் சோதனைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தால் கிழித்துப் போட்டிருப்பான். ஒயரைப் பிடுங்கினான். மொத்தமாக. கறுப்புப் போன் எதோடும் சேராமல், வாலறுந்து அவன் மடியில் கிடந்தது. அதன் ரிசீவர் பழைய காலத்துக் கனம். ஏன் எடுத்தான் என்று பிறகு அவனால் சொல்ல முடிந்ததில்லை. கை பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்தது.

கீற்றின் மேல் மழை.

மாடு ஒன்று பெருமூச்சு விட்டது. சேற்றில் கால் மாற்றி நின்றது. மிக அருகில், வாயை ஒட்டினாற்போல், ஒரு மூச்சு. ஓடி வந்தவளின் மூச்சு.

"வந்துடுச்சாங்கம்மா?"

ரிசீவர் கையிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. ஒயர் இல்லை. எதோடும் ஒயர் இல்லை. ஒயரின் நுனி அவன் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவள் பார்வை போன் மேலும் விழுந்தது.

"என்னடா கேட்டது?" என்றாள்.

அவன் சொன்னான். சொல்லும்போது, தான் ஒரு படித்த மனிதன், இதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நடுவில் இரண்டு முறை சேர்த்துக்கொண்டான். அவள் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. குரலைப் பற்றி மட்டும் கேட்டாள். மரியாதையாகக் கேட்டாளா என்றாள். ஆமாம் என்றான். அம்மாவின் கை கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது.

"கீழத்தெரு அம்சம்," என்றாள்.

பிறகு அவள் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய ஐப்பசி. அவன் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தான். குறுவை அறுப்பு. கூலி நெல் ஒரு படி கூட்டிக் கேட்டுக் கீழத்தெரு ஆட்கள் வயலில் செங்கொடியை நட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மழை இறங்கிவிட்டது, கதிர் முளைத்துவிடும் என்று அப்பா வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். களத்தில் அடிதடி. அப்பா வக்கீலைப் பார்க்கத் தஞ்சாவூர் கிளம்பும்போது, யார் வந்து கேட்டாலும் போன் பேசவில்லை என்று சொல்லிவிடு, ஆஸ்பத்திரிக்குப் போன் போனால் பின்னாலேயே போலீஸ் வரும், நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு அம்சம் கொல்லை ஜன்னலுக்கு வந்தாள். அவள் புருஷனுக்கு மண்டை உடைந்திருந்தது. வாய்க்கால் கரையில் மாட்டுவண்டியில் போட்டு, மழைக்கு இரண்டு கீற்றை மேலே மூடியிருந்தார்கள். வலங்கைமான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஒரு வண்டி அனுப்பச் சொல்லுங்கம்மா என்று கேட்டாள்.

"எடுத்தேன்," என்றாள் அம்மா. "காதுல வெச்சேன். டோன் நன்னா வந்தது சுப்புணி. அன்னிக்கு வந்த மாதிரி என்னிக்குமே வந்ததில்ல. வரலைன்னேன்."

அம்சத்துக்குப் புரியவில்லை. எது வரவில்லை என்று கேட்டாள். சத்தம், சத்தம் வந்தால்தான் பேச முடியும் என்று அம்மா சொன்னாள். இருந்து பாருங்கம்மா, வரும் என்று அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரிசீவரைக் கீழே வைத்தால் சந்தேகப்படுவாளோ என்று அம்மாவும் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். ஒரு மணி நேரம். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள்.

"அழலை. கத்தலை. நடு நடுவுல கேட்டா, அவ்வளவுதான். வந்துடுச்சாங்கம்மான்னு கேட்டா. நான் தலையை ஆட்டினேன். நாலு மணிக்கு வண்டிக்காரன் வந்து அவ தோளைத் தொட்டான். எதுக்குத் தொட்டான்னு எனக்குத் தெரிஞ்சுடுத்து. அப்பவும் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டா."

அதற்கப்புறமும் வந்தாளாம். புருஷனை எரித்த மறுநாள் மூன்று மணிக்கு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியை அதே மரியாதையோடு கேட்டாள். அதற்கு அடுத்த நாளும். ஐப்பசி, கார்த்திகை முழுதும். மார்கழியில் ஒரு நாள் வரவில்லை. மதகில் அடைத்துக்கொண்டு கிடந்தவளை மறுநாள் தண்ணீர் பார்க்கப் போனவன் எடுத்தான்.

அம்மா நிறுத்தினாள். வாய் திறந்திருந்தது, மேலே சொல்லப்போவது போல. ஆனால் வந்தது சொல் இல்லை. மூச்சு. உள்ளே போக முடியாமல் தொண்டையில் உரசிக்கொண்டு நின்ற மூச்சு. தோள்கள் காதுவரை ஏறின. கழுத்துக் குழி உள்வாங்கியது. உதட்டோரம் நீலம்.

அவன் மருந்துக் குழலை வாயில் வைத்து அழுத்தினான். இரண்டு முறை. மூன்று முறை. பயன் இல்லை. வாசலுக்கு ஓடினான். குடமுருட்டி கரை மீறித் தெருவில் தண்ணீர் இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. அப்துல் வஹாப் கடை அரை மைல். தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை. போன் வேறு யாரிடமும் இல்லை. "யாராவது வாங்களேன்" என்று கத்தினான். மழை அதை வாங்கி வைத்துக்கொண்டது. பின்னால் அம்மாவின் கை கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம். தனியே விட்டுப் போகவும் முடியாது. திரும்பி ஓடி வந்தான்.

போன்.

ஒயரைத் திருகாணியில் சுற்றினான். இரண்டு முறை நழுவியது. ரிசீவரை எடுத்தான்.

கீற்றின் மேல் மழை. மூச்சு.

"லைனை விடும்மா," என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. "எங்கம்மாவுக்கு மூச்சு முட்டறது. டாக்டரைக் கூப்பிடணும். நீ வெச்சாத்தான் எனக்கு டோன் வரும். தயவுபண்ணிக் கீழ வெச்சுடு."

மழை. மழை. மாடு கால் மாற்றியது.

"இன்னும் வரலீங்களா?" என்றது குரல். அதில் கோபம் இல்லை. அக்கறை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "நான் வெச்சிடறேங்க. இப்ப வரும் பாருங்க."

டக்.

அவனும் ரிசீவரைக் கீழே வைத்தான். இன்னும் திருகாணிகளில் மாட்டியிருந்த மீட்டரின் முள் அசைந்தது. ஏறியது. இருபது. முப்பது. ஐம்பது. ஐம்பதில் நின்றது. ரிசீவரை மறுபடி எடுத்தான். மழை போய்விட்டது. அந்த வெளி போய்விட்டது.

பஞ்சு. வெறும் பஞ்சு. செத்த போனின் மௌனம்.

தட்டினான். கொக்கியை அடித்தான். ஒன்றும் இல்லை. தட்டினான்.

கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தமும் நின்றுவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மா தலையணையில் சாய்ந்தபடியே இருந்தாள். தோள்கள் இறங்கியிருந்தன. கண் திறந்திருந்தது. டார்ச் வெளிச்சத்துக்கு அது சுருங்கவில்லை. நெஞ்சு அசையவில்லை. அவன் அம்மா என்றான். மணிக்கட்டைப் பிடித்தான். தன் விரலின் துடிப்பா, அவளுடையதா என்று தெரியவில்லை. மண்டியிட்டு, திறந்திருந்த அவள் வாயருகே காதைக் கொண்டுபோனான்.

மூச்சு இல்லை.

காத்திருந்தான்.

வந்தது.

தொண்டைக்கு அடியிலிருந்து. மெலிதாக. பிறகு கணீரென்று. ர்ர்ர்ர்ர்ர் என்று, ஏற்றம் இறக்கம் இல்லாமல், நடுவில் மூச்சுக்குக்கூட நிற்காமல், ஒரே சீராக. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. மூன்று நாளாக அவன் தேடிய சத்தம். சுத்தமாக, கரகரப்பே இல்லாமல், அம்மாவின் வாய்க்குள்ளிருந்து.

அவன் அவள் தாடையைப் பிடித்து மூடினான். கெட்டியாக. சத்தம் நிற்கவில்லை. மூடிய பல்லுக்குள்ளிருந்து அவன் உள்ளங்கையில் அதிர்ந்தது. முழங்கை வரை ஏறியது.

திடீரென்று அறுந்தது.

பல்லுக்குப் பின்னால், நாக்குக்கு அடியில், யாரோ முதல் எண்ணைச் சுழற்றினார்கள்.